காந்தப் புயலும் நமது சுரங்கமும்



இரயில்வே குமாஸ்தாவுக்கு வானத்தில் என்ன அலுவல் என்று சிலர் புன்னகை செய்கின்றீர்கள். எண்ணுவது என் தொழில். இன்று நான் சொல்ல வந்ததும் எண்ணிக்கையின் கதையே.

கதிரவனிடமிருந்து சில வேளைகளில் மின்துகள்கள் பெருந்திரளாகப் பீறிட்டு வந்து, பூமியின் காந்த அரணைத் தாக்கிக் குலைக்கின்றன. அதுவே காந்தப் புயல். அவ்வரணில் சிக்கிய துகள்கள் பூமியைச் சூழ்ந்து வளையங்களாய் நிற்பதை, 1958-ஆம் ஆண்டில் எக்ஸ்புளோரர் செயற்கைக்கோளின் கருவி கொண்டு வான் ஆலன் கண்டறிந்தார். 2012 முதல் 2019 வரை, அவர் பெயர் தாங்கிய இரு கோள்கள் அவ்வளையங்களினூடே சுற்றி அளந்தன. புயலின்போது புறவளையத்து எலெக்ட்ரான்கள் சில மணி நேரத்தில் வற்றிப்போவதுண்டு. பின்னர் முன்னிலும் பன்மடங்கு பெருகிச் செயற்கைக்கோள்களின் கருவிகளைக் கெடுப்பதும் உண்டு.

மேலே கோள்கள் அளப்பதைக் கீழே இருந்தும் அறியலாகுமோ? இங்குதான் நம் தங்கவயல் வருகிறது.

விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்றில் மோதி மியூயான் என்னும் துகள்களைப் பொழிகின்றன. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்தது, இம்மியூயான்களைப் பாறையால் தடுத்துவிட்டு நியூட்ரினோவைத் தேடத்தான். 1965-இல் காற்றுமண்டலத்து நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். நம் பாட்டனார் குடைந்த பள்ளம் அது. தங்கத்தின் கணக்கை மட்டுமே பேசும் நாம், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருப்பது எனக்கு வருத்தமே.

இங்கே பதராக விலக்கிய மியூயானையே, டாட்டா நிறுவனத்தாரும் ஒசாகாவினரும் உதகையில் நெல்லாக அள்ளுகின்றனர். அங்குள்ள 560 சதுர மீட்டர்க் கருவி ஓயாது மியூயானை எண்ணுகிறது. 2015 ஜூன் 22 அன்று கடும் புயல் ஒன்று மூண்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மியூயான் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. காந்த அரண் தளர்ந்தமையால், வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் அண்டக் கதிர்களும் உள்ளே நுழைந்தன என்று 2016-இல் அவர்கள் அறிவித்தனர்.

அப்போது இந்தியாவில் நள்ளிரவு. கதிரவன் நம் காலடிக்கு மறுபுறம். பகற்புறத்தில் நுழைந்த கதிர்கள் வளைந்து திரும்பி இரவுப்புறத்து உதகைக்கு வந்தன என்பது அவர்கள் கணிப்பு. நம் சுரங்கம் மூடப்பட்டு அன்றைக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.