பலாவின் சிறு உறவினர்



பலா மரத்தை அறியாதார் நம்மில் ஒருவருமில்லை. ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நாற்பால் மரங்களையும் நாம் அறிவோம். இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பலர் அறியார். பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கட்டைச் செடியின் பெயரால், இதனை முசுக்கட்டைக் குடும்பம் என்று தாவர நூலார் அழைப்பர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் இது. இதிலே வானளாவும் மரங்கள் உள்ளன. முழங்கால் அளவுகூட வளராத சிறு பூண்டுகளும் உள்ளன. அப்பூண்டுகளிற் சில களைகள். களையெடுப்பு அன்றாட வேலையாக நடக்கும் மலைகளில் வாழும் நாம், களையின் குலத்தையும் சற்று விசாரித்தறிதல் நல்லதல்லவா?

இக்குடும்பத்தை எவ்வாறு அடையாளங் காண்பது? பெரும்பாலானவற்றை ஒடித்தாற் பால் வடியும். பூக்களோ மிகச் சிறியன. ஒரே பீடத்தில் நெருங்கி அமர்ந்திருக்கும். பலாப்பழம் உண்மையில் ஒரு பழமன்று; பல பூக்களின் கூட்டம். சூல் கொண்ட பூ ஒவ்வொன்றும் ஒரு சுளை. சூல் கொள்ளாதவையே சுளைகளுக்கிடையே கிடக்கும் சடை. அத்தியில் அப்பீடம் பைபோல உட்புறமாகக் குவிந்து பூக்களை மறைத்துக்கொள்கிறது. அந்தப் பையை விரித்துத் தட்டையாக்கினால் எப்படியிருக்கும்? அவ்வாறே அமைந்த பூண்டு ஒன்று தென்னிந்தியாவிலும் நமது இலங்கையிலும் ஈரக்காட்டு நிழலில் வளர்கிறது. டோர்ஸ்டீனியா இண்டிக்கா என்பது அதன் பெயர். 1552 இல் மறைந்த டோர்ஸ்டன் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் நினைவாக வந்த பெயர் அது. இவ்வினத்தின் உறவினர் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆபிரிக்காவிலும் அமெரிக்க வெப்ப நாடுகளிலும் வாழ, நம் பக்கத்தில் நிலைத்தது இச்சிறு பூண்டு.

இன்னொரு உறவினன் அவ்வளவு அடக்கமுடையவனல்லன். ஃபாட்டூவா வில்லோசா என்னும் அப்பூண்டின் தாயகம் கிழக்காசியா. அமெரிக்காவிலே 1964 இல் லூசியானா மாநிலத்தில் இது காணப்பட்டதாக எழுதி வைத்தார்கள். பின்னர் நாற்றுப் பண்ணைகளின் தொட்டி மண்ணோடு பல மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. முசுக்கட்டையின் இலையை ஒத்த இலை. விதை முற்றியதும் நாலடி தூரம்வரை தெறிக்கும். தெறிக்கச் செய்வது இக்குடும்பத்தின் குணம்போலும். வெள்ளை முசுக்கட்டையின் கேசரம் மகரந்தத்தை ஒலியின் வேகத்திற் பாதிக்கும் மேலான வேகத்தில் வீசுகிறதென்று 2006 இல் ஆராய்ச்சியாளர் அளந்து கூறினர். ஈரச்சுவர்களிலும் பூந்தொட்டிகளிலும் முளைக்கும் பொடியிலைப் பூண்டு ஒன்றையும் நாம் காண்கிறோம். அதுவும் மகரந்தத்தைப் புகைபோல் வெடித்து வீசுவதால், ஆங்கிலேயர் அதற்குப் பீரங்கிச் செடி என்று பெயரிட்டனர். அது முசுக்கட்டைக் குடும்பமன்று, பக்கத்துக் குடும்பம். தொட்டால் நெருப்பாய் எரியும் காட்டுச் செடிகள் பலவும் அந்தப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கஞ்சாவும் ஒன்றுவிட்ட உறவு. எந்தக் குலத்திலும் எல்லோரும் ஒரே குணத்தவராய் இருப்பதில்லை.

அன்பர்களே! இந்த உறவுமுறையை அறிவதால் நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் மூன்று.

முதலாவது, மண். காப்பிக் காலந்தொட்டே, தரையில் ஒரு பச்சை முளையும் இருக்கலாகாதென்று மலைகளைச் சுரண்டியால் வழித்தெடுத்தார்கள். களையோடு மேல்மண்ணும் மழையிற் போயிற்று. 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கத்துக்குமேல் வாழும் நாம் இதை மறக்கலாகாது; சரிவிலிருந்து ஓடும் மண் கொத்மலை ஓயாவைத்தான் சென்று சேரும். பிற்காலத்தில் மருந்தடிக்கும் வழக்கம் வந்தது. கிளைபோசேட் என்னும் களைகொல்லியை 2015 இல் அரசாங்கம் தடைசெய்தது. களை மலிந்துவிட்டதென்று தோட்ட நிர்வாகங்கள் முறையிட்டன. 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. மருந்துக்கு உறவும் தெரியாது, பகையும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும். தேயிலையை நெருக்கும் களையை நீக்கி, மண்ணைப் பிடித்து நிற்கும் மென்மையான பூண்டை விட்டுவைக்க, பெயரறிந்த கண் வேண்டும். வெளியிலிருந்து பூந்தொட்டி வாங்கி வருவோர், அந்த மண்ணில் புதிதாய் முளைப்பது யாதென்று பார்க்கவும் அதே கண் வேண்டும்.

இரண்டாவது, கோவில். பறவையின் எச்சத்தில் வந்த அரசங்கன்று கோபுரத்தில் முளைக்கிறது. தெய்வ மரமென்று பெரியோர் தொடத் தயங்குகின்றனர். வேர் தடித்ததும் சுவர் பிளக்கிறது. இரண்டிலை விட்ட பருவத்திலேயே வேரோடு மெல்ல எடுத்துத் திறந்த நிலத்தில் நட்டுவிட்டால், மரத்துக்கும் வாழ்வு, கோபுரத்துக்கும் வாழ்வு. இவ்வேலையை இளைஞர்கள் ஆண்டுதோறும் மழைக்குமுன் ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, உணவு. பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டலாகாதென்று 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. 1973, 74 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பசி தாண்டவமாடியதைப் பெரியோர் நன்கறிவர். பிஞ்சு கறியாகும்; சுளை சோறாகும்; கொட்டை அவித்தால் பிள்ளைகளின் பசி ஆறும். ஆயினும் லயத்துக்குப் பின்னால் தானாய் முளைத்த பலாக்கன்றை, களையென்றெண்ணிப் புல்லோடு வெட்டிவிடுகிறோம்.

வேண்டாத இடத்தில் முளைத்தது என்பதைத் தவிரக் களைக்கு வேறு இலக்கணம் இல்லை. ஆகையால், இளைஞர்களே, ஒவ்வொருவரும் இவ்வாண்டு பத்துச் செடிகளின் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியோர்களே, மலையில் நின்று நீங்கள் கற்ற பெயர்களை இவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். எழுதி வைக்கப்படாத அந்த அறிவு உங்களோடு முடிந்துவிடலாகாது. பெயரை அறிந்த பிறகு பிடுங்குவதா, வளர்ப்பதா என்று தீர்மானிப்போம்.