என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

(தகவல் தொழில்நுட்ப அணி பயிலரங்கில் பேசியது. வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் இங்கே பதிவிடுகிறோம்.)



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. எஞ்சினியரிங் முடிச்சுட்டு, பகல்ல வேலை, ராத்திரியில நம்ம பக்கத்துக்கு போஸ்டர் டிசைன்னு ஓடுற ஆள். இன்னைக்கு உங்ககிட்ட ஒரு சக்கர நாற்காலியைப் பத்திப் பேசப் போறேன்.

அது எங்க வீட்டுல கட்டிலுக்குப் பின்னாடி மடிச்சு வெச்சிருக்கு. என் அண்ணனுக்கு வந்தது. பைக் விபத்துல தண்டுவடத்துல அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஒரு முகாம்ல கூப்பிட்டு, வரிசையில உட்கார வெச்சு, போட்டோ எடுத்துக் கொடுத்தாங்க. கொடுத்தவங்க நல்ல மனசோடதான் கொடுத்தாங்க. ஆனா எங்க வீட்டு பாத்ரூம் கதவைவிட அந்த நாற்காலி அகலம். உள்ளே போகாது.

அண்ணனுக்கு உண்மையில என்ன தேவை? ஒரு நல்ல குஷன். உணர்வு இல்லாத உடம்பு மணிக்கணக்கா ஒரே இடத்துல உட்கார்ந்தா புண் வரும். வந்தா மாசக்கணக்குல படுக்கைதான். அப்புறம் வாசல்ல ஒரு சாய்தளம். காலையில ரெண்டு மணி நேரம் குளிக்க, உடை மாத்த ஒரு உதவியாளர். இப்போ அந்த ரெண்டு மணி நேரமும் எங்க அம்மாதான். அம்மாவுக்கு 58 வயசு. அவங்களுக்கே முதுகுவலி.

அண்ணன் ஒருநாள் சொன்னாரு: "டேய், இதை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு என்கிட்ட கேட்டிருந்தா போதும்டா."

தோழர்களே, இன்னைக்கு நான் சொல்ல வந்தது அந்த ஒரு வரிதான். மாற்றுத்திறனாளிகளுக்குன்னு அரசு செலவு பண்ணுது. அந்தப் பணத்துல என்ன வாங்கணும், யாரை உதவிக்கு வெச்சுக்கணும்னு முடிவு பண்ற இடத்துல அவங்க இருக்காங்களா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். நம்ம தெருவிலேயே யாராவது இருப்பாங்க. இவங்க எல்லாருக்கும் ஒரே அளவு உதவி எப்படிப் பொருந்தும்?

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016. அதுல 38வது பிரிவைப் படிங்க. தனக்கு அதிக ஆதரவு தேவைன்னு நினைக்கிறவர் தானே விண்ணப்பிக்கலாம். ஒரு குழு மதிப்பீடு பண்ணணும். 24வது பிரிவுல, அதிக ஆதரவு தேவைப்படுறவங்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பத்தி வருது. கவனிங்க, அந்தத் தொகையை மாற்றுத்திறனாளிக்குன்னுதான் சட்டம் எழுதியிருக்கு. ஆளை வெச்சுக்கறவர் அவர். அப்போ முடிவும் அவரோடதுதானே?

இது நடக்குமா, கற்பனையான்னு சந்தேகம் வரலாம். நடந்திருக்கு.

இங்கிலாந்துல ஹாம்ப்ஷைர்னு ஒரு பகுதி. அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்துல வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் சிலர் 1980கள்ல ஒரு கேள்வி கேட்டாங்க. "எங்களை இங்கே வெச்சுக்க நீங்க செலவு பண்ற பணத்தை எங்ககிட்ட கொடுங்க. நாங்களே வீடு பார்த்து, ஆள் வெச்சு வாழ்ந்துக்கறோம்." நேரா கையில பணம் கொடுக்க அன்னைக்குச் சட்டத்துல இடமில்லை. சுத்திவளைச்சு ஒரு வழி கண்டுபிடிச்சு வெளியே வந்தாங்க. தொடர்ந்து போராடினாங்க. 1996ல நாடாளுமன்றம் நேரடிப் பணம் கொடுக்கச் சட்டமே போட்டுச்சு.

ஆஸ்திரேலியாவுல 2013ல தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித் திட்டம், தனி பட்ஜெட். அதைத் தானே நிர்வகிக்கலாம், கணக்குப் பார்க்க ஒரு நிறுவனத்தை வெச்சுக்கலாம், இல்லைன்னா அரசு அமைப்பிடமே விட்டுடலாம். எது வேணும்னு சம்பந்தப்பட்டவர்கிட்டயே கேட்கறாங்க.

அங்கே எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். செலவு எகிறுச்சு. அநியாய விலை வெச்ச நிறுவனங்கள் வந்துச்சு. அதனால 2024ல சட்டத்தைத் திருத்தி, எதுக்குச் செலவு பண்ணலாம், எதுக்குக் கூடாதுன்னு பட்டியலே போட்டாங்க. அந்தப் பாடத்தையும் சேர்த்துத்தான் நாம படிக்கணும்.

இப்போ நம்ம ஆளுங்களே கேட்கிற ரெண்டு கேள்விக்கு வர்றேன்.

ஒண்ணு: "கையில காசு கொடுத்தா வீட்டுக்காரங்க எடுத்துக்குவாங்களே?" சில வீடுகள்ல நடக்கும். அதுக்குத் தனி வங்கிக் கணக்கு, ரசீது, வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்ப்புன்னு வழி இருக்கு. முகாம்ல கொடுத்த பொருள் பயன்படாம மூலையில கிடக்கறதும் வீண்தான். அதை மட்டும் யாரும் கணக்கு எடுக்கறதில்லை.

ரெண்டு: "அறிவுசார் குறைபாடு உள்ளவங்க எப்படி முடிவெடுப்பாங்க?" நியாயமான கேள்வி. 2016 சட்டத்தோட 13வது பிரிவு, மத்தவங்களுக்குச் சமமா சட்டத்தகுதி அவங்களுக்கும் உண்டுன்னு சொல்லுது. 14வது பிரிவுப்படி, பாதுகாவலர் தேவைப்பட்டாலும் அவர் தனியா முடிவெடுக்கக் கூடாது, கலந்து பேசி எடுக்கணும். படம் காட்டிக் கேட்கலாம், நேரம் கொடுத்துக் கேட்கலாம், நம்பிக்கையான ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக் கேட்கலாம். எது பிடிக்கும், யார் தொட்டா பயமா இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.

2025 ஏப்ரல்ல நம்ம சட்டமன்றத்துல, உள்ளாட்சி அமைப்புகள்ல மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க மசோதாக்கள் நிறைவேறுச்சு. நல்ல படி. ஊராட்சியில உட்கார ஒரு நாற்காலி கிடைக்குது. தன் வீட்டுக்குள்ள எந்த நாற்காலின்னு சொல்ற உரிமையும் கிடைக்கணும்.

யார் ஆட்சியில இருந்தாலும் நாம கேட்க வேண்டியது மூணு.

1. எந்த உபகரணம் கொடுத்தாலும், முதல்ல வீட்டைப் பார்த்து, ஆளைக் கேட்டு, அளவெடுத்துக் கொடுக்கணும்.

2. பொருளா, அதே மதிப்புக்குப் பணமா, உதவியாளர் நேரமா என்பதைப் பயனாளி தேர்ந்தெடுக்கணும். முதல்ல ஒரு மாவட்டத்துலயாவது சோதிச்சுப் பார்க்கலாம்.

3. பராமரிப்பாளரை வைக்கவும் மாத்தவும் அவருக்கே உரிமை வேணும். சொந்த வீட்டுப் பெண்கள் சம்பளமில்லாம பார்க்கிற வேலையையும் கணக்குல சேர்க்கணும்.

கடைசியா ஒரு ஒப்புதல். முகாம்ல உதவி வாங்குற போட்டோவுக்கு "கருணை உள்ளம்"னு தலைப்பு வெச்சு போஸ்டர் அடிச்சவன் நான். ஒண்ணு ரெண்டு இல்லை, நிறைய. வாங்கினவர் பேரைக்கூட அதுல போட்டதில்லை. இனிமே அப்படிப் போட மாட்டேன். நீங்களும் போடாதீங்க. அந்தப் போட்டோவை எடுக்கறதுக்கு முன்னாடி, "இது உங்களுக்குப் பொருந்துதா?"ன்னு கேளுங்க. பதிலை எழுதி மாவட்ட அணிக்கு அனுப்புங்க. நாம சேகரிக்க வேண்டிய டேட்டா அதுதான். தேர்தல் அறிக்கை எழுதறவங்க மேஜைக்கு அது போகணும்.

இந்த உரையை எழுதி முடிச்சதும் அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டினேன். "என்னைப் பத்திப் பேசலாமா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுச் சொன்னாரு: "பரவாயில்லையே, நீயாவது கேட்டியே."



#எங்களைக்_கேளுங்கள் #மாற்றுத்திறனாளிகள்_உரிமை