விசையும் அசையும்: ஒரு கணினி விளையாட்டு ஆக்கக்கூடமும் தமிழும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பாடாலூரில் பத்தாம் ஆண்டு விழா அவை கூடியிருக்கிறது.

வெண்பா என்ற சொல்லைக் கேட்ட அளவில் இவ்வவையிலுள்ள கவிஞர் நெஞ்சில் எழுவன செப்பலோசையும் வெண்டளையும், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடியும் ஈற்றுச் சீருமே ஆகும். ஆயின் 2023 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாளுக்குப் பின்னர், தமிழே அறியாத பல நாட்டு இளைஞர்க்கும் அச்சொல் அறிமுகமாகியுள்ளது. கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு ஆக்கக்கூடம் வெளியிட்ட கணினி விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. அதன் நாயகியின் பெயரும் வெண்பா. கணவன் பெயர் பாவலன். மகன் பெயர் கவின்.

வீடியோ கேம் என்று பொதுமக்கள் வழங்கும் ஒன்றுக்கு இலக்கிய அவையில் என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. பிள்ளைகளின் கண்ணையும் படிப்பையும் கெடுப்பது என்ற அளவிலேயே அது பெற்றோரால் பேசப்பட்டு வருகிறது. அக்கவலை பொய்யன்று. எனினும் ஒரு கலைவடிவத்தை அதன் கேடுகளைக் கொண்டு மட்டும் அளத்தல் முறையாகாது. கூத்தும் திரைப்படமும் ஒரு காலத்தில் அவ்வாறே அளக்கப்பட்டன.

ஆட்டமும் பாட்டும்

தமிழ் மரபில் ஆட்டம் பாட்டுக்கு அயலானது அன்று. ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் கோயில் தளவரிசைக் கற்களிலேயே கீறப்பட்டுள்ளன. பதினான்கு குழிகளைக் கொண்ட பல்லாங்குழி தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஆண்பாலுக்குரிய சிற்றிலும் சிறுதேரும், பெண்பாலுக்குரிய அம்மானையும் ஊசலும் விளையாட்டுகளே. மணிவாசகர் திருவம்மானையும் திருப்பூவல்லியும் திருப்பொன்னூசலும் பாடியபோது, மகளிர் ஆடிய ஆட்டங்களின் வடிவத்தையே பத்திமைக்குப் பாத்திரமாக்கினார். ஆட்டத்தை இழிவென எண்ணியிருப்பின் இவ்வடிவங்கள் இலக்கியத்துள் புகுந்திரா.

இவ்வுறவு ஜப்பானிலும் உண்டு. இன்று உலகெங்கும் அறியப்படும் நின்டெண்டோ நிறுவனம் 1889 ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் புசாஜிரோ யமவுச்சி என்பவரால் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் கணினி ஏது? மலர்ப்படம் தீட்டிய சீட்டுகளைச் செய்து விற்ற கடை அது. நூறு புலவர் பாடிய நூறு பாடல்களின் தொகுப்பான ‘ஹியாகுனின் இஷ்ஷு’ சீட்டுகளையும் அந்நிறுவனம் செய்துள்ளது. ஒருவர் பாடலைப் படிக்கத் தொடங்க, மற்றவர் அதன் பிற்பகுதி எழுதிய சீட்டைப் பாய்ந்து எடுக்கவேண்டும் என்பது அவ்வாட்டத்தின் முறை. பாடல் மனப்பாடமாக இருந்தாலன்றி வெல்ல இயலாது. கவிதையை நினைவில் வைத்தலே ஆட்டத்திறனாக அமைவது இங்கு நோக்கத்தக்கது.

கையெழுத்து இதழிலிருந்து

சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்தோர் பலர் இவ்வவையில் இருத்தல் கூடும். அவர்கள் அறியவேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1983 ஆம் ஆண்டு சத்தோஷி தஜிரி என்னும் ஜப்பானிய இளைஞர் விளையாட்டுக் கூடங்களில் கண்ட ஆட்டங்களைப் பற்றித் தம் கையாலேயே எழுதி, படியெடுத்து, கம்பிமுள் குத்தி ஓர் இதழ் வெளியிட்டார். இதழின் பெயர் ‘கேம் ஃபிரீக்’. அவ்விதழைக் கண்டு வந்து சேர்ந்த ஓவியர் கென் சுகிமோரி. வெளிவரும் ஆட்டங்களிற் பல தரமற்றவை எனக் கருதிய இவர்கள், குறைகூறுவதோடு நில்லாது தாமே செய்யத் துணிந்தனர். 1989 ஆம் ஆண்டு அவ்விதழே ஆக்கக்கூடமாயிற்று. இதழின் பெயரே நிறுவனத்தின் பெயருமாயிற்று.

தஜிரி சிறுவராக இருந்தபோது டோக்கியோ நகரத்தின் புறத்தே வயலிலும் குளக்கரையிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அவ்வயல்கள் பின்னர்க் கட்டடங்களாயின. தாம் பெற்ற அவ்வின்பத்தை இழந்துவிட்ட நகரச் சிறுவர்க்கு அதனை மீட்டளிக்கும் எண்ணமே ‘பொக்கெட் மொன்ஸ்டர்ஸ்’ என்னும் போக்கிமானுக்கு வித்தாயிற்று. ஏறத்தாழ ஆறாண்டு உழைப்பு அதற்குத் தேவைப்பட்டது. இடையில் ஊதியம் தரவியலாமையால் ஊழியர் சிலர் விலகினர். 1996 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 ஆம் நாள் அது வெளிவந்தது. அதன்பின் நிகழ்ந்தது உலகறிந்தது. தம் மண்ணின் பூச்சியையும் புல்லையும் விடாது பற்றியமையே அவ்வெற்றிக்கு அடிப்படை எனலாம்.

இந்தியாவில் இத்தொழில் வேறு வழியில் வந்தது. 1997 ஆம் ஆண்டு ராஜேஷ் ராவ் பெங்களூரில் தொடங்கிய ‘துருவா இன்டராக்டிவ்’ இத்துறையின் முன்னோடி. அயல்நாட்டு நிறுவனங்களின் ஆட்டங்களுக்கு ஓவியமும் உருவமும் செய்துதருவது அதன் முதன்மைப் பணியாக வளர்ந்தது. 2019 ஆம் ஆண்டு ராக்ஸ்டார் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. இந்தியக் கைகளின் திறன் இதனால் உலகுக்குப் புலனாயிற்று. ஆயின் இந்திய உள்ளத்தின் கதை புலனாகவில்லை. புனே நகரத்து ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’ 2020 ஆம் ஆண்டு ‘ராஜி’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டு அக்குறையை ஓரளவு நீக்கிற்று. பிறர் கதைக்கு வண்ணம் தீட்டுதல் வேறு. தன் கதையைத் தானே சொல்லுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் விசை ஆக்கக்கூடத்தின் பணி விளங்கும்.

சிதைந்த ஏடு

அபி என்னும் தமிழர் வடிவமைப்பாளரும் கதையாசிரியருமாக நின்றார். ஓவியப் பொறுப்பைச் சாம் எல்கானா ஏற்றார். ஒரு சிறு குழுவே உடன் உழைத்தது. விசை என்னும் சொல் ஆற்றலையும் குறிக்கும். விசைப்பலகையின் விசையையும் குறிக்கும்.

கதை 1988 இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த இளந்தம்பதியர் வெண்பாவும் பாவலனும். இந்த ஆட்டத்தில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, பகைவர் படையும் இல்லை. இருப்பது ஓர் அடுப்பும், தாய் தந்த சமையற் குறிப்பேடும். அவ்வேடு சிதைந்துள்ளது. சில வரிகள் மங்கியுள்ளன; சில இடங்கள் அழிந்துவிட்டன. எஞ்சிய சொற்களைக் கொண்டும் பொருள்களின் இயல்பைக் கொண்டும், விடுபட்ட செய்முறையை ஆடுவோர் உய்த்துணர்தல் வேண்டும். இட்டலித் தட்டுகளை அடுக்கும்போது ஆவி எவ்வாறு மேலேறும்? புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் எவ்வரிசையில் இடம்பெறும்? பிரியாணியில் எது அடியில், எது மேலே? இவையே ஆட்டத்தின் சிக்கல்கள். பிழைத்தால் தண்டனை இல்லை, மீண்டும் முயலலாம். முழு ஆட்டமும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இம்மாவட்டத்தார்க்கு இக்காட்சி புதியதன்று. அரியலூரிலும் குன்னத்திலும் இளமைக் கல்வி பெற்ற உ. வே. சாமிநாதையர் வாழ்நாளெல்லாம் செய்தது இதனையே அன்றோ? செல்லரித்த ஏட்டை விரித்து, எஞ்சிய எழுத்தைக் கொண்டு இழந்த எழுத்தை உய்த்துணர்ந்து 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் அவர் அச்சில் தந்தார். உய்த்துணர இயலாத இடத்தில் புள்ளியிட்டு நிறுத்தினார். புறநானூற்றின் 267, 268 ஆம் பாடல்கள் இன்றளவும் கிடைக்கவில்லை. இழந்ததை மீட்கும் பதிப்பாசிரியர் உழைப்பையும், அதில் எய்தும் உவகையையும், ஒரு சமையலறையில் வைத்து உலகச் சிறுவர் கையில் தந்துள்ளது இவ்வாட்டம். தனிமனிதர் வீட்டு ஏடும் ஓர் இனத்தின் ஏடே என்பதை இது உணர்த்துகிறது.

ஆட்டத்தின் உயிர்ப்பகுதி இனிமேல்தான் வருகிறது. கவின் வளர்கிறான். பள்ளித் தோழரிடையே தமிழ்ப் பேச்சும் தமிழ் உணவும் அவனுக்குக் கூச்சம் தருகின்றன. தாய் தமிழில் பேச, மகன் ஆங்கிலத்தில் விடை தருகிறான். பின்னொரு நாள் அம்மகனே தாயின் குறிப்பேட்டைத் திறக்கும்போது, ஏட்டின் எழுத்து தெளிவாகவே இருந்தும் அவனுக்கு முழுதும் விளங்குவதில்லை. முன்னர்ச் சிதைந்திருந்தது ஏடு. இப்போது சிதைந்திருப்பது படிப்பவனின் மொழியறிவு. இவ்வொரு மாற்றத்தால் நீண்ட நாவல் ஒன்று சொல்லக்கூடியதை இவ்வாட்டம் சொல்லிவிடுகிறது. நாவலைப் படிப்பவர் கவினுக்காக இரங்குவர். ஆட்டத்தை ஆடுபவரோ கவினாகவே தடுமாறுவர். இவ்வடிவத்திற்கேயுரிய தனி ஆற்றல் இது.

பல காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்த புதுப்பாடல்கள் அடுக்களை வானொலியில் ஒலிக்கின்றன. 2024 ஆம் ஆண்டு, தனிநிலைப் படைப்பாளர்க்கான ஐ.ஜி.எஃப். விழாவின் சீமஸ் மெக்னலி பெரும்பரிசும், பிரித்தானியரின் பாஃப்டா அமைப்பு வழங்கும் முதற்படைப்பு விருதும் ‘வெண்பா’வை வந்தடைந்தன.

தமிழுக்கு என்ன பணி?

பாராட்டோடு ஓர் உண்மையும் சொல்லப்படவேண்டும். இவ்வாட்டத்தின் உரையாடல் முதலில் எழுதப்பட்டது ஆங்கிலத்தில். வெண்பா பேசும் தமிழை ஆங்கிலமாகவே ஆடுவோர் படித்தனர். டொரொண்டோவில் வாழ்ந்து உலகச் சந்தைக்கு ஆக்குவோர்க்கு அது தவிர்க்கவியலாத வழி. அதனைக் குறையெனக் கூறுதல் அறமன்று. குறை வேறிடத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் எத்தனையோ இளைஞர் கணினிக் கல்வி கற்று வெளிவருகின்றனர். அவர்களை இத்தகைய அவைகள் அழைத்ததுண்டா? அவர்களுக்குக் கதையும் பாட்டும் எழுதித்தரக் கவிஞர் முன்வந்ததுண்டா? ‘கொ’ என்னும் எழுத்தில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னுமாக நிற்கும். இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக அடுக்கும் ஆங்கில முறையை மனத்திற்கொண்டு அமைந்த ஆட்டக் கருவிகள் இதில் இடறுகின்றன. அவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க நிரலர் வேண்டும். எது பிழை எனச் சுட்டத் தமிழறிந்தோரும் வேண்டும்.

யாப்பை அறிந்தவர்க்கு இத்துறை அயலானதும் அன்று. தளை பிழையாமல், அதே வேளையில் பொருள் தளைப்படாமல் பாடுவதே வெண்பாவின் அருமை. விதிகளை வகுத்து, அவ்விதிக்குள் ஆடுவோர்க்கு உரிமை தருவதே ஆட்டம் அமைப்போரின் அருமை. அசைக்கும் சீருக்கும் பழகிய உள்ளம் இதனை எளிதில் பற்றும்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. இவ்வூருக்கு அண்மையில் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கிறது ஒரு மரம். புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940 இல் அதனை உலகுக்கு அறிவித்தார். காரையின் செம்மண் ஓடைகளில் கடல்வாழ் உயிர்களின் படிவங்கள் உள்ளன. ஒரு காலத்தில் கடல் இங்கு அலைவீசியது என்பதற்கு அவை சான்று. பூச்சி பிடித்த வயலிலிருந்து தஜிரி ஓர் உலகைப் படைத்தார். கடல் கிடந்த நிலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் படைக்கப் பொருள் இல்லை என்று யார் கூறுவர்?

பத்தாண்டுகளாக இவ்வட்டம் கவிதை படித்தும் கேட்டும் திருத்தியும் வந்துள்ளது. பதினோராம் ஆண்டில் கணினி கற்ற இளைஞர் இருவர் மூவரையேனும் அழைத்து, கவிஞர் ஒருவரோடு அருகே அமர்த்துதல் பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. கேம் ஃபிரீக் தொடங்கிய நாளில் அதனிடம் இருந்தவை தாளும் எழுதுகோலும் விடாப்பிடியான விருப்பமுமே. அவை மூன்றும் இவ்வவையில் குறைவின்றி உள்ளன. வட்டம் வளர்க! தமிழ் புதிய களங்களிலும் ஆடுக!