ஓடுவது எந்த ரயில்?



மாட்டுங்கா ஸ்டேஷனில் லோக்கல் ரயில் நிற்கிறது. சன்னல் ஓரத்தில் தாராவி அம்மா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் ஓடுகிறது. "ஐயோ, நம்ம ரயில் பின்னால போகுதே!" என்கிறார். அவருடைய ரயில் அசையவே இல்லை.

ஏன் இப்படி? நாம் அசைவதைக் கண்ணும் உள்காதும் மூளைக்குச் சொல்கின்றன. வேகம் கூடினால், குறைந்தால் உள்காது சொல்லும். ஒரே வேகத்தில் போனாலும், நின்றாலும் சொல்லாது. அப்போது மூளை கண்ணையே நம்பும்.

கண் ஏமாறுவது புதிதல்ல. படகில் போகிறவருக்குக் கரை பின்னால் போவதாகத் தெரியும். இதை கி.பி. 499-இலேயே ஆரியபட்டர் எழுதினார்.

இரண்டு ரயில்கள் சமமாக ஓடினால், ஓடும் ரயிலும் நிற்பதுபோலத் தோன்றலாம். அப்போது இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பக்கத்து ரயிலைப் பார்க்காதீர்கள். பிளாட்பாரத் தூணைப் பாருங்கள். தூண் நகராமல் நின்றால் இறங்குங்கள்.