டியூப் ஒட்டும் பசை: வாங்கும் விதமும் வைக்கும் விதமும்

(போர்ட் கிள்ளானில் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இத்துறைமுகம் 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1972-இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. நம் பாட்டன்மார் வெட்டிய பால், ஷீட்டாகிப் புகையில் காய்ந்து இங்கிருந்து கப்பலேறியது. அதே ரப்பர் சைக்கிள் டியூபாகவும் ஒட்டுப் பசையாகவும் நம்மிடம் திரும்பி வந்தது. பெரட்டுக்குப் போகும் வழியில் பஞ்சரானால் என்ன பாடு என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். ஆகவே பசையைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயமல்ல.

"நம்மிடந்தான் பால் இருக்கிறதே, அதைத் தடவினால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மரத்துப் பால் தண்ணீரில் மிதக்கும் ரப்பர் துகள். தண்ணீர் உலர்ந்ததும் டியூபின்மேல் ஆடைபோல் கிடக்குமே தவிர, உள்ளே பிடிக்காது. வெயில் பட்டால் இளகும். 1823-இல் மாக்கின்டாஷ் என்பவர் ரப்பரை நாப்தா எண்ணெயில் கரைத்து, அதைக்கொண்டு மழைக்கோட்டுத் துணி செய்தார். அதுவும் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை தீரும் என்று 1839-இல் குட்இயர் கண்டார். அதற்கே வல்கனைசிங் என்று பெயர்.

எனவே கடையில் 'வல்கனைசிங் சொலூஷன்' என்றே கேட்போம். அது டியூபின் மேற்பரப்பை இளக்கி, ஒட்டுத் துண்டின் அடிப்பாகத்தோடு சூடில்லாமலே இணைத்துவிடும். துண்டும் பசையும் ஒரே பெட்டியில் வந்தவையாக இருப்பது நல்லது. இக்காலத்து டியூப் பெரும்பாலும் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர். கண்ட பசையும் அதில் பிடிக்காது. சூப்பர் குளூ காய்ந்ததும் விறைத்து, டியூப் நெளியும்போது விட்டுவிடும்.

பெரிய டின் மலிவென்று மயங்க வேண்டாம். திறந்த பசை சில மாதங்களில் உலர்ந்துவிடும். சிறு குழாயாக வாங்குவோம். அமுக்கிப் பார்த்து, மெத்தென்று நிறைந்திருப்பதை எடுப்போம். திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைப்போம். உபயோகித்ததும் வாயைத் துடைத்து, மூடியை இறுகத் திருகி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைப்போம். கட்டி தட்டிய பசையில் பெட்ரோல் ஊற்றிக் கலக்கக் கூடாது, வீசிவிட வேண்டும்.

ஒட்டும் முறை எளிது. உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிதாகப் பூசி, பளபளப்பு மறையும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து, பிறகு துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. சீக்கிரம் காயட்டும் என்று தீக்குச்சி உரசுவது பெரும் ஆபத்து. பசையின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்பையும் விளக்கையும் எட்டும். ஆகவே வாசலில் உட்கார்ந்து ஒட்டுவோம், சுருட்டையும் தள்ளிவைப்போம்.

இன்னொன்று. சில பசைகளில் ஹெக்சேன் இருக்கும். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தால் கைகால் நரம்பு கெடும். பென்சீன் கலந்த பசை, செருப்புத் தொழிலாளர் பலருக்கு இரத்தப் புற்றுநோயைக் கொண்டுவந்தது. அட்டையைப் படித்துப் பார்த்தே வாங்குவோம். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிராணிமார்கள் படித்துச் சொல்லட்டும். பசையை முகர்ந்து மயங்கும் பழக்கம் பிள்ளைகளைக் கெடுக்கும். அவர்கள் கைக்கு எட்டாமல் பூட்டிவைப்பது பெற்றோர் கடமை.

டியூப் கெட்டால் வேறு வாங்கலாம். நரம்பும் நெஞ்சும் கெட்டால் எந்தக் கடையில் வாங்குவது? எண்ணிப் பாருங்கள்.