கணனி அறையின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

(பிரிவுப் பெற்றோர் கூட்டத்தில் நிதியத்தின் கல்வி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வர முடியாமற் போனவர்களுக்காகப் பேசியபடியே தரப்படுகிறது.)



இந்த மழையிலும் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். தேத்தண்ணி வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் உள்ள பழைய சாமான் அறையில் இரண்டு கணனி, ஒரு பிரின்டர், இன்டர்நெட் இணைப்பு இவ்வளவும் வைப்பதாக நிதியம் முடிவு செய்திருக்கிறது. போன கிழமையிலிருந்து லயத்தில் இதே பேச்சுத்தான். "பிள்ளைங்க கையிலதான் போன் இருக்கே, இது எதுக்கு?" என்று ஒரு ஐயா கேட்டார். "பொட்டிய வச்சிட்டு நீங்க போயிருவீங்க, ஆறு மாசத்துல அதுமேல கோழி அடையும்" என்றார் ஒரு அம்மா. இரண்டுமே நியாயமான பேச்சு. அம்மா சொன்னது இன்னும் நியாயம்.

முதலில் ஐயாவுக்குப் பதில் சொல்கிறேன். போன் இருப்பது உண்மை. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடி, பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது அந்தப் போன் எங்கே இருந்தது? கொழும்பில் கடையில் நிற்கும் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் ஒரு போன் இருந்த இடத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ரீலோட் பண்ணக் காசு கிடைத்த அன்றைக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. 2021இல் ஊவாவில் போஹிட்டியாவ என்ற ஊரில் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, பாறை மேல் ஏறிச் சிக்னல் பிடித்ததை வெளிநாட்டுச் செய்திக்காரர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். அது சிங்களக் கிராமம். கஷ்டம் மொழி பார்த்து வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சின்னப் போனில் பாட்டுக் கேட்கலாம், நாடகம் பார்க்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் நிரப்புவதற்கு அது உதவாது. நம்ம பிள்ளை உயர்தரம் பாஸ் பண்ணினால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு டவுனுக்குப் போய் கொம்யூனிகேஷன் கடையில் காத்து நிற்கிறோம். பஸ் காசு, டைப் பண்ணுகிற காசு, கொப்பிக் காசு கொடுத்தாக வேண்டும். கூடப் போன அம்மாவுக்கு அன்றைக்குப் பேரும் போச்சு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து யாரோ ஒருவருடைய போனுக்கு அனுப்பிவிட்டு வருகிறோம். அது பிறகு என்ன ஆகிறது என்று நாம் கேட்பதுமில்லை.

இனி அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். கோழி அடையாமல் இருக்க என்ன வழி?

நம்ம மலைநாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கொத்மலை அணை கட்டின காலத்தில் இடம் பெயர்ந்த சனங்களுக்காக 1989இல் அங்கே சமுதாய வானொலி ஒன்று தொடங்கியது. 1998இல் யுனெஸ்கோவின் உதவியோடு அந்த வானொலி நிலையத்துக்கு இன்டர்நெட் வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்காகக் கணனி வைத்தார்கள். இலங்கையில் அந்த நேரம் இன்டர்நெட் என்றால் கொழும்பில் உள்ள கொஞ்சப் பேருக்குத்தான் தெரியும். கிராமத்தில் யாருக்குக் கணனி பிடிக்கத் தெரியும்? அங்கேதான் அவர்கள் புத்தியாக ஒரு வேலை செய்தார்கள். கேட்பவர்கள் தங்கள் கேள்வியைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார்கள். வானொலிப் பிள்ளைகள் அதை இன்டர்நெட்டில் தேடி, விஷயம் தெரிந்த டொக்டரையோ சட்டத்தரணியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொந்தப் பாஷையில் விளக்கிச் சொல்வார்கள். அந்த நிகழ்ச்சி பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடந்தது. அதனால் சுற்றியிருந்த தோட்டங்களுக்கு அதன் பலன் முழுசாக வந்து சேரவில்லை என்பதே என் எண்ணம். ஆனால் வழி நல்ல வழி. கணனியைத் தொட்டே பார்க்காத சனத்துக்கும் ஒரு ஆளின் வாய்மூலம் சேதி போய்ச் சேர்ந்தது.

பிறகு 2005 அளவில் அரசாங்கம் 'நெனசல' என்று நாடு முழுக்க நிலையங்கள் திறந்தது. விகாரைகள், நூலகங்கள், சனசமூக நிலையங்கள் என்று நூற்றுக்கணக்கில் வந்தன. 2014இல் கேட்ஸ் அறக்கட்டளை அதற்குப் பத்து லட்சம் டொலர் பரிசும் கொடுத்தது. நல்லாகச் சொல்லிக் கொடுக்கும் ஆள் இருந்த இடத்தில் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்தார்கள். மானியம் குறைந்து, பில் கட்ட வழியில்லாமல், சொல்லிக் கொடுக்க ஆளுமில்லாமல் போன இடத்தில் கதவு மூடிக் கிடந்தது.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணைப்பும் இலங்கைக்கு வந்துவிட்டது. கோபுரம் இல்லாத மலைக்கும் இன்டர்நெட் வரும், விலைதான் கூட. இணைப்புக்கு எப்படியாவது ஒரு வழி பிறக்கும். எனக்கு இருக்கும் கவலை வேறு.

அறை எத்தனை மணிக்குத் திறந்திருக்கும்? காலை எட்டரையிலிருந்து நாலரை வரை என்றால் நீங்கள் மலையில் நிற்பீர்கள், பிள்ளை பாடசாலையில் இருக்கும். ஒபிஸ் நேரத்துக்குத் திறக்கிற அறை தொழிலாளிக்குத் திறக்காத அறைதான். பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரையும், ஞாயிறு முழுக்கவும் திறக்க வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டிருக்கிறேன். இருட்டின பிறகு பொம்பளைப் பிள்ளைகள் எப்படி வரும் என்று கேட்பீர்கள். அதனால்தான் ஒபிஸ் பக்கத்தில் வைக்க வந்த யோசனையை வேண்டாமென்று, லயத்துக்குக் கிட்ட இந்த அறையைக் கேட்டோம். வழியில் லைட் போட நிர்வாகத்திடம் பேச வேண்டும். அதற்கு நீங்களும் கூட வர வேண்டும், நான் மட்டும் போய்ப் பேசினால் எடுபடாது.

பாஷை விஷயமும் இருக்கிறது. 1987இலேயே 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. என்றாலும் கணனியில் ஒரு படிவத்தைத் திறந்தால் சிங்களமோ இங்கிலீசோ முன்னுக்கு நிற்கிறது. தமிழ்ப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிக் காட்ட ஆள் வேண்டும். அதுவரைக்கும் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1919க்குப் போன் பண்ணினால் அரசாங்கத் தகவலைத் தமிழிலேயே கேட்கலாம். இன்னொன்று, போனுக்கு வருகிற ரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பேங்க்கிலிருந்து பேசுகிறோம், வெளிநாட்டு வேலை இருக்கிறது என்பார்கள். சொல்லவே வேண்டாம்.

ஆகவே எனக்கு இன்றைக்கு வேண்டியது இரண்டு பெயர். சாதாரண தரம் படித்த, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கக்கூடிய இரண்டு பிள்ளைகள். ஒரு ஆள் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். பயிற்சியும் மாதக் கொடுப்பனவும் நிதியம் தரும். சாவி அவர்களிடமும் உங்கள் பெற்றோர் குழுவிடமும் இருக்கும். என்னிடமோ கணக்கப்பிள்ளையிடமோ இருக்காது. முதல் வருஷத்து இன்டர்நெட் பில்லை நிதியம் கட்டும். இரண்டாம் வருஷத்துக்கு என்ன வழி என்று இப்போதே பேசிவிடுவோம். பிரின்ட் எடுக்கிற காசைச் சேர்க்கலாம் என்கிறார் ஒரு அண்ணன், மாதம் வீட்டுக்கு ஒரு சின்னத் தொகை போடலாம் என்கிறார்கள் வேறு சிலர். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அதைப் பேசுவோம். பெயர் கொடுப்பவர்கள் இப்போது பிள்ளைக்காம்பரா அம்மாவிடம் எழுதிக் கொடுக்கலாம்.