கோச்சி ஓட வேண்டுமென்றால் கான் வெட்ட வேண்டும்

(பண்டாரவளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் வீடும் காணியும் பேச வேண்டிய மேடையில் ரயிலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ரயிலும் சம்பளப் பிரச்சினைதான். கோச்சி ஓடாத நாளில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுப்பது அவர் கொழுந்து பறித்த காசு. கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வீடு வருவதும் பெரும்பாலும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில்தான். வகுப்பில் ரயில் பிள்ளைகளின் இடங்கள் வெறுமையாக இருந்தால், அன்று பாதையில் ஏதோ நடந்திருக்கிறது என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிடுவார்.

இந்தப் பாதை முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் போடப்பட்டது. 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் ரயில் வந்தது. இங்கிருந்து பதுளைக்குப் போய்ச் சேர இன்னும் 30 வருசம் பிடித்தது, அது 1924. கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர். மலையில் பல இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வளைவுகள் மிக நெருக்கமானவை. ரம்புக்கனைக்கு மேலே பெரும்பகுதி ஒற்றைப் பாதை. அதனால் ஓரிடத்தில் மண் சரிந்தால் அந்தப் பக்கம் முழுவதும் நிற்கும். சுற்றிப் போக வேறு தண்டவாளம் கிடையாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். மலையகப் பாதை பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. உயிர்களும் லயங்களும் போன அந்த நாட்களில் ரயிலும் இல்லாமல் போனது. அதற்கு முன்பே, 2014 ஒக்டோபர் 29இல், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. லயத்தை மூடுகிற மண்ணும் தண்டவாளத்தை மூடுகிற மண்ணும் ஒரே மலையின் மண்.

தோழர்களே, மலைப்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். சிலிப்பர் கட்டைக்குக் கீழே கருங்கல் சல்லி போடுவது பாரத்தைத் தாங்கவும் தண்ணீரை வடிய விடவுந்தான். சல்லிக்குள் சேறு அடைத்தால் தண்ணீர் தங்கும், அடிமண் இளகும், தண்டவாளம் ஒரு பக்கம் இறங்கும். பிறகு அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி தடம் புரளும். மதகு அடைத்தால் மேட்டிலிருந்து வரும் வெள்ளம் பாதையையே அறுத்துவிடும். இது உங்களுக்குப் புதிய பாடம் இல்லை. மலையில் கான் வெட்டாமல் விட்டால் தேயிலைத் தூர் என்னவாகும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள்.

பாதைக்கு மேலே பல தோட்டங்களில் தேயிலை மலைகள் காடாகிக் கிடக்கின்றன. அங்கே கான்கள் தூர்ந்துவிட்டன. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஆகவே பாதையைக் காப்பது ரயில்வே திணைக்களத்தோடு மட்டும் முடிகிற வேலை இல்லை. தோட்ட நிர்வாகங்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இந்தியாவில் கொங்கண் ரயில் பாதையும் மழை மலைக்குள் போகிறது. 2003, 2004 ஆகிய இரண்டு வருசமும் அங்கே பெரிய விபத்துகள் நடந்து பலர் இறந்தார்கள். சரிவுகளைச் சாய்த்து வெட்டினார்கள், பாறைகளுக்கு வலை கட்டினார்கள், மழைக்காலத்தில் பாதையை நடந்து பார்க்க ஆட்களைப் போட்டார்கள். மழை மாதங்களுக்கென்றே வேகம் குறைந்த தனி நேர அட்டவணையும் அங்கே இருக்கிறது. மெதுவாக வந்தாலும் சொன்ன நேரத்துக்கு வருகிற ரயிலை நம்பிப் பிழைக்கலாம்.

நம் நாட்டிலேயே யுத்தத்தில் அழிந்த வடக்குப் பாதையைத் திரும்பப் போட்டு 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் விட்டார்கள். மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஒரு சிறிய ரயில் ஓடியது. 1940களில் அதை மூடினார்கள். இன்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பாட்டன் சொன்ன கதை.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே, ஒவ்வொரு வருசமும், பாதையோரக் கான்களும் மதகுகளும் சுத்தமாக்கப்பட வேண்டும்.

இரண்டு: பாதைக்கு மேலே உள்ள தோட்டங்களில் நிர்வாகம் தன் செலவில் கான் வெட்ட வேண்டும். அந்த வேலைக்கு முழுப் பெயர் போட வேண்டும்.

மூன்று: பாதையை நடந்து பார்க்கப் போதிய நிரந்தரத் தொழிலாளர் வேண்டும். அந்த வேலையில் தோட்டத்து இளைஞர்களுக்கும் இடம் வேண்டும்.

நான்கு: தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் ரயில் தாமத அறிவித்தலும் தமிழிலும் உடனுக்குடன் வர வேண்டும்.

ஐந்து: எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை வரவேற்கிறோம். அவர்கள் வருமானம் தருகிறார்கள். அதற்காக மூன்றாம் வகுப்புப் பெட்டி குறையக் கூடாது.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் எல்லைக்குள் பாதைக்கு மேலே அடைபட்ட கான், வெடித்த மண்மேடு, சாய்ந்த மரம் ஆகியவற்றை எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திணைக்களத்தோடும் நிர்வாகங்களோடும் பேசுவோம். மழை வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும்.